வலிக்கு வாரிசு

பதினோராவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவே, மின்தூக்கிக் கூண்டின் தலைமேல் குந்தியிருந்து கம்பிவடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சர்வேஷுக்குத் தன் மாமியார் நாற்காலியை விட்டு எழுந்தது தெரிந்தது.

முதலில் வலது முழங்காலில் ஒரு சுருக். அடுத்து, இடுப்பின் இடது பக்கம் நரம்பைப் பிடித்துச் சுண்டியது போல ஓர் இழுப்பு. பிறகு அடிக்கு ஒன்றாக முழங்காலில் குத்து, குத்து, குத்து. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு எண்ணினான். பதினான்கு. கூடத்து நாற்காலியிலிருந்து அடுக்களைக்குச் சரியாகப் பதினான்கு அடி.

‘அத்தை டீ போடப் போறாங்க’ என்று நினைத்துக்கொண்டான். வீடு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

அவன் வலது காதுக்குப் பின்னால், எலும்பு மேடிட்ட இடத்தில், பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒட்டியிருந்தது நோவேந்தி. அதன் ஜோடி மாமியார் சுகந்தியின் காதுக்குப் பின்னால். ஊரில் எல்லோரும் அதைச் சுருக்கமாக ‘வில்லை’ என்பார்கள். பெரியவர் உடம்பில் கிளம்புகிற வலியை மூளைக்குப் போகும் வழியிலேயே மறித்து, பார்த்துக்கொள்கிறவரின் மூளையில் கொண்டுபோய் இறக்கும். நகல் எடுக்காது, இடம் மாற்றும். இவன் நாற்பது பங்கு வாங்கிக்கொண்டால் அவருக்கு மிஞ்சுவது அறுபதுதான்.

வந்த புதிதில், மனித குலம் வலியை வென்றுவிட்டது என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டார்கள். வெல்லவில்லை. பங்கு போட்டது, அவ்வளவுதான். அம்மா அப்பாவை மாசத்துக்கு ஒருத்தர் என்று முறை வைத்துப் பார்த்துக்கொண்ட அண்ணன் தம்பிகள், வலியையும் முறை வைத்துக்கொண்டார்கள். சித்திரை, வைகாசி மூத்தவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தால், ஆனி பிறந்ததும் இளையவன் நொண்டினான். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நாற்பது வயது ஆள் ஒருவர் ‘யம்மா’ என்று உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் கேட்பது, “யாரோடதுங்க? அப்பாவா, அம்மாவா?”

சர்வேஷிடம் அப்படிக் கேட்டவர்கள் பதிலைக் கேட்டுப் புருவத்தைத் தூக்கினார்கள்.

“மாமியாரோடது.”

“மாமியாரா! வீட்டுக்காரம்மா வாங்கிக்கலையா?”

“அவ இல்லைங்க.”

மனைவி நேத்ரா மூளைக்காய்ச்சலில் நாலே நாளில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி கிடையாது. மகள் வீட்டில் நாலு மாசம் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஒரு பையோடு வந்த சுகந்தி, மகள் போன பிறகும் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டார். ஐம்பத்திரண்டு வயது மருமகனும் எழுபத்தேழு வயது மாமியாரும். நடுவில் இருந்து இரண்டு பேரையும் பேசவைத்தவள் மட்டும் இல்லை.

உலகம் எங்கேயோ போய்விட்டது. நிலாவில் ஆழ்துளைக் கிணறு போட்டாயிற்று. ஆனால் சுகந்தி, மருமகன் முகம் பார்த்து நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அடுக்களை நிலைப்படிக்கு உள்ளே நின்றுகொண்டு, “மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை ஊத்தட்டுமா?” என்று யாரையோ கேட்பது போலக் கேட்பார். அவனும் தட்டைப் பார்த்துக்கொண்டே “போதுங்க அத்தை” என்பான். இதில் கோபதாபம் ஒன்றுமில்லை. மரியாதை. அந்த மரியாதையில் ‘எனக்குக் கால் வலிக்கிறது’ என்று சொல்ல இடமில்லை. இடுப்பு, நெஞ்சு, வயிறு என்று பேச்செடுக்கவே முடியாது. உடம்பைப் பற்றி மாப்பிள்ளையிடம் பேசுவதாவது!

“எப்படி இருக்கீங்க அத்தை?”

“நல்லா இருக்கேன்னு சொல்லுங்க.”

அவ்வளவுதான். வருஷம் முழுக்க அதே பதில்.

முதியோர் நலத் துறைக்கு அந்தப் பதில் போதவில்லை. எழுபத்தைந்து தாண்டியவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘நோவு எண்’ எடுப்பார்கள். நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி, உள்ளே எவ்வளவு வலிக்கிறது என்று நூற்றுக்கு அளப்பார்கள். முப்பதைத் தாண்டினால் வீட்டில் சரியாகக் கவனிப்பில்லை என்று பொருள். பெரியவரைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நல்ல நோக்கத்தோடு வந்த சட்டம்தான். சுகந்திக்கு எண் ஐம்பத்தெட்டு வந்தது.

வாயால் ‘நல்லா இருக்கேன்’ என்றவரின் நெற்றிப்பட்டை ஐம்பத்தெட்டு என்றதைப் பார்த்து சர்வேஷ் இன்னொரு தடவை அளக்கச் சொன்னான். இத்தனை வலியை வைத்துக்கொண்டா காலையில் எனக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்?

அன்றே டொராண்டோவிலிருந்து ஹரீஷ் கூப்பிட்டான். நேத்ராவின் தம்பி. சுவர்த்திரை முழுக்க அவன் முகம்.

“மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. கொடைரோட்டுக் காப்பகத்துல எடம் இருக்காம். அம்மாவ அங்க விட்றலாம். அக்கா இருந்தா சரி. அக்கா இல்லாத வீட்ல அம்மா உக்காந்து சாப்பிட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“இங்க எவனும் எதுவும் பேசல ஹரீஷ். அவனவனுக்கு அவனவன் அப்பா முழங்காலே பெரிய வேலையா இருக்கு.”

“நீங்க ஏன் மச்சான் இதைச் சொமக்கணும்?”

‘அப்புறம் கூப்பிடறேன்’ என்று சர்வேஷ் திரையை அணைத்தான். நேத்ரா தூக்கத்தில் சிரிப்பாள் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவரைக் கொடைரோட்டுக்கு அனுப்பிவிட்டு மற்றவன் அந்த வீட்டில் எப்படி இருப்பது?

சுகந்தி அன்று சாயங்காலம், நிலைப்படிக்கு உள்ளே இருந்து, அடுப்பைப் பார்த்துச் சொன்னார்: “காப்பகமெல்லாம் வேண்டாம். நேத்ரா இருந்த வீட்லயே இருந்து முடிச்சிடறேன்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லணும்.”

மறுநாளே அவன், பெரியவர் வலியை வாங்கித் தாங்குகிறவர்களுக்கான தாங்குநர் வகுப்பில் பெயர் கொடுத்தான்.

வகுப்பு நடந்தது நாகல்நகர்ச் சமுதாயக் கூடத்தில். சனிக்கிழமை தோறும், பத்து வாரம். அதில் தேறினால்தான் வில்லை கிடைக்கும். நடத்தியவர் ஜாஸ்மின். இருபது வருஷம் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்தவர். நாக்கில் கூர் வைத்துப் பேசுவார்.

“இங்க வந்திருக்கற அத்தனை பேரும் பாசமானவங்க. எனக்கு அதான் பயம்” என்றுதான் முதல் வகுப்பையே தொடங்கினார். “கவனிக்காத பிள்ளையால ஒரு பெரியவர் செத்தா ஊருக்கே தெரியும். பாசத்தால செத்தா யாருக்கும் தெரியாது.”

பெரியவரைப் புரட்டிப் படுக்கவைப்பது, வழுக்காமல் குளிக்கவைப்பது, மறந்துபோனதைத் திருப்பித் திருப்பிக் கேட்கும்போது எரிந்து விழாமல் இருப்பது, எரிந்து விழுந்துவிட்டால் குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வருவது, எல்லாம் சொல்லிக் கொடுத்தார். கடைசி மூன்று வாரம் வில்லைக்கு.

“நாப்பதுக்கு மேல வாங்க முடியாது. பூட்டு இருக்கு. ஏன் தெரியுமா? வலிங்கறது நோய் இல்ல. உடம்பு அனுப்பற தந்தி. மொத்தத் தந்தியையும் நீங்க வாங்கி வச்சுக்கிட்டா, வீட்டுக்காரருக்கு வீடு எரியறதே தெரியாது. புதுசா ஒரு வலி வந்தா உங்க வில்லை கீச்சுனு கத்தும். கத்துனா டாக்டர்கிட்ட ஓடணும். அப்புறம், அவங்க வலியைத் தாங்கிக்கிட்டிருக்கறப்ப நீங்க மாத்திரை போடக் கூடாது. தலையே போனாலும் கூடாது. உங்க வலியா, அவங்க வலியான்னு சந்தேகம் வந்தா நேரா போய்க் கேளுங்க. ‘எங்கம்மா வலிக்குது, காட்டு’ன்னு கேளுங்க. கேக்கறதுக்கு என்ன கூச்சம்?”

பக்கத்து நாற்காலியில் இருந்த தாவூத் கையைத் தூக்கினார். ஆட்டுக்கறிக் கடைக்காரர், அப்பாவின் வலியை வாங்க வந்தவர். பெரிய சரீரம். “டீச்சர், எங்க அத்தா மட்டன் சாப்பிட்டா எனக்கு நெஞ்சு எரியும். அப்ப மட்டன அவருக்கும் எரிச்சல எனக்குமா? இதென்ன நியாயம்?”

கூடம் சிரித்தது. சர்வேஷும் சிரித்தான். ‘கேக்கறதுக்கு என்ன கூச்சம்’ என்பதை மட்டும் தன் குறிப்பேட்டில் எழுதவில்லை. ஜாஸ்மினுக்கு மாமியார் கிடையாது போல என்று நினைத்துக்கொண்டான்.

வில்லை வந்தது. நாற்பது வைத்தார்கள். அன்றைக்குத்தான் அவனுக்குச் சுகந்தியின் முழங்கால் என்றால் என்னவென்று தெரிந்தது. ஆனால் துறை ஆள் வந்து நெற்றிப்பட்டை கட்டிப் பார்த்தால், முப்பத்தைந்து.

“அஞ்சு எண்தான் கூடுதல். அடுத்த தடவையும் முப்பதுக்கு மேல இருந்தா எங்க கையில ஒண்ணும் இல்ல சார்” என்றார் அவர்.

அஞ்சு எண். அஞ்சே அஞ்சு. அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் சர்வேஷ் தன் வில்லையைக் கழற்றி வைத்து, மெல்லிய திருகுளியும் உருப்பெருக்கியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். முப்பது வருஷமாக மின்தூக்கி பழுதுபார்க்கிறவனுக்கு அந்தப் பூட்டு ஒரு பூட்டே இல்லை. உள்ளே மயிரிழைக் கம்பி ஒன்று. அதை நறுக்கினான். கையோடு கீச்சென்று கத்துகிற எச்சரிக்கைக் கம்பியையும் நறுக்கினான். இல்லாவிட்டால் நாற்பதைத் தாண்டியதும் அது ஊரைக் கூட்டிவிடும்.

மின்தூக்கியில் ஆள் அதிகம் ஏறினால் அலறுகிற மணியைத் துணி வைத்து அடைத்த அடுக்ககத்துக் காவலாளியை, போன மாதம்தான் அவன் நாயே பேயே என்று திட்டியிருந்தான். அது அப்போது நினைவுக்கு வந்தது. “இது வேற, அது வேற” என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான்.

ஐம்பது வைத்தான். அதோடு நின்றிருக்கலாம். கணக்குப்படி எண் முப்பதுக்குக் கீழே வந்துவிட்டது.

ஆனால் இரண்டாம் நாள் காலையில், சுகந்தி வாசலில் குனிந்து கோலம் போட்டார். வந்ததிலிருந்து குனியாதவர். அறுபது வைத்தான். கடைத்தெரு வரை நடந்து போய்க் கீரை வாங்கி வந்தார். எழுபது, எண்பது. ஒருநாள் அவன் வேலை முடிந்து வந்தபோது அடுக்களையில் யாரோ மெதுவாகச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தான். மாமியார்! ஒரு காலைத் தாளமாகத் தட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நேத்ராவும் அப்படித்தான் சீட்டியடிப்பாள், அதே இழுவையோடு. அவன் சத்தமில்லாமல் பின்வாங்கி, செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு தெருவில் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தான். அன்று நூறு வைத்தான்.

நொண்டினான். அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் முழங்கால் உள்ளூர வலித்தபடியே இருந்தது. படி ஏற மூச்சு முட்டியது. கூண்டின் மேல் உட்கார்ந்து எழும்போது கண்ணில் நீர் முட்டியது. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு சுகந்தி மொட்டை மாடிக்கு ஏறுவதை முழங்காலில் ஒவ்வொரு படியாக உணரும்போது அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். மாடியில் பத்துத் தொட்டி மிளகாய்ச் செடி வைத்திருந்தார். அதற்குத் தண்ணீர் ஊற்றப் போகிறார். இருபத்திரண்டு படி. வலிக்காத கால்களோடு விடுவிடுவென்று ஏறுகிறார்!

இப்படியே ஆறு மாதம் ஓடியது. பிறகு அவனுக்குப் பல்வலி வந்தது.

இடது கீழ்த்தாடை. கடைவாய்ப் பல் ஒன்று அங்கே பழசாகவே சொத்தை. விண் விண்ணென்று தெறித்து, காது வரை ஏறி, பத்து நிமிஷத்தில் அடங்கியது. இரண்டு நாள் கழித்து மறுபடி. கூடவே முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவது போல. போன வாரம் விசைப்பொறியைத் தனியாகத் தூக்கியது நினைவுக்கு வந்தது. பிடிப்பு என்று தைலம் தேய்த்தான்.

பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி ஒளி அடித்துப் பார்த்தார்.

“பல்லு கெட்டுதான் இருக்கு. எப்பல்லாம் வலிக்குது?”

“சாயங்காலம் நாலு மணி வாக்குல டாக்டர்.”

“டீயோட பிஸ்கட் கடிப்பீங்க. எடுத்துரலாம்.”

எடுத்துவிட்டார். மறுநாள் நாலு மணிக்குப் பல் இல்லாத இடம் வலித்தது. புண் ஆறப் பத்து நாள் ஆகும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். சர்வேஷ் நம்பினான். முழங்காலும் இடுப்பும் அத்தையுடையவை, தாடையும் முதுகும் தன்னுடையவை. அவன் மனசுக்குள் அப்படியொரு பாகப்பிரிவினை ஆகியிருந்தது. அதை யாரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளவில்லை. கேட்கவேண்டியவர் நிலைப்படிக்கு உள்ளே இருந்தார்.

துறை ஆள் மறுபடி வந்தார். பட்டையைக் கட்டினார், பார்த்தார், தட்டிப் பார்த்தார், கழற்றி மறுபடி கட்டினார்.

“ரெண்டு.”

“என்ன சார்?”

“எண் ரெண்டு சார். என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்ல. எனக்கே பதினஞ்சு இருக்கும்.”

வீட்டிலேயே தொடரலாம் என்று ஐந்து வருஷச் சான்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஹரீஷ் திரையில் வந்து, “மச்சான், நீங்க எங்கம்மாவுக்கு மகன் மாதிரி” என்று கைகூப்பினான். ஜெயித்தாயிற்று. இனி யாரும் அவரை அந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போக முடியாது.

ஜாஸ்மினிடமிருந்து அழைப்பு வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை தாங்குநர் எல்லோரும் கூடும் நாள். சிறந்த தாங்குநர் என்று துறை அவனைத் தேர்ந்தெடுத்திருக்கிறதாம்.

“ரெண்டு எப்படி வந்துச்சுன்னு வந்து சொல்லுங்க சர்வேஷ். எனக்கும் தெரிஞ்சுக்கணும்.” அவர் குரலில் பாராட்டு இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அவன் கிளம்பும்போது, நடக்காத ஒன்று நடந்தது. சுகந்தி நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தார். அவனுக்கு எதிரே நின்றார். முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார்.

“மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு கேக்கணும்.”

சர்வேஷ் பதறி எழுந்து நின்றான். “சொல்லுங்க அத்தை.”

“இந்த வில்லை என் வலியை எங்க கொண்டுபோய்க் கொட்டுது?”

“அது... கொட்டறதெல்லாம் இல்லைங்க. அப்படியே கரைஞ்சிரும்.”

“கரைஞ்சிருமா?” அவர் அவனுடைய வலது காலைப் பார்த்தார். “நீங்க கால நொண்டி நடக்கறது, நான் நொண்டுன மாதிரியே இருக்கு. பல்லக் கடிச்சுக்கிட்டே சாப்பிடறீங்க. நேத்ரா இருந்தா என்னையத் திட்டுவா. உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?”

“நல்லா இருக்கேங்க அத்தை” என்றான் சர்வேஷ்.

சொல்லும்போதே அது யாருடைய வாக்கியம் என்று இருவருக்கும் தெரிந்தது. சுகந்தி லேசாகச் சிரித்தார். நெற்றியிலும் மேலுதட்டிலும் முத்து முத்தாக வேர்வை. முகம் சாம்பல் பூத்தது போல இருந்தது.

“உங்களுக்கு வேர்க்குதே?”

“அடுப்படிச் சூடு. மூச்சுதான் ரெண்டு நாளா கொஞ்சம்...” சட்டென்று நிறுத்திக்கொண்டார். முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டார். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வலிச்சாத்தான பயப்படணும்? எனக்கு ஒரு எடத்துலயும் வலிக்கல. நீங்க கெளம்புங்க, நேரமாச்சு.”

மூச்சு கொஞ்சம் என்ன? கேட்டிருக்கலாம். ஆனால் அவர் அதற்குள் பார்வையைத் தாழ்த்தி நிலைப்படிக்கு உள்ளே போய்விட்டார். நேராக இத்தனை வாக்கியம் பேசியதே அவருக்கு வெட்கமாகப் போயிருக்கும். பின்னாலேயே போய், மாமியாரிடம், ‘நெஞ்சுல என்ன பண்ணுது’ என்று கேட்பதா? சர்வேஷ் செருப்பை மாட்டிக்கொண்டான்.

வழியில் தாடை தெறிக்கத் தொடங்கியது. இருநூறு பேர் முன்னால் பேச வேண்டும். மருந்துக் கடையில் நிறுத்தி, இரண்டு வலி மாத்திரை வாங்கித் தண்ணீர் இல்லாமல் விழுங்கினான். பல்வலிக்குத்தானே. தன் பல்.

கூடம் நிறைந்திருந்தது. இருநூறு தாங்குநர்கள், இருநூறு வில்லைகள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் தேய்த்துக்கொண்டு, காலை நீட்டிக்கொண்டு, வயதில் சின்னவர்களான இருநூறு கிழவர்கள். முன்வரிசையில் தாவூத். “வாங்க சிறந்த தாங்குநரே! மாமியார் மெச்சின மருமகன் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்யா” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மணி நாலு அடிக்கிற நேரத்தில் ஒலிவாங்கி முன் நின்றான். முழங்காலில் குத்து. குத்து. அத்தை படி ஏறுகிறார்.

“நான் பெருசா ஒண்ணும் செய்யலைங்க. நாப்பதுதான். டீச்சர் சொல்லிக் குடுத்தபடி...”

பொய் நாக்கில் இருந்தபோதே அது வந்தது. தாடையிலிருந்து கழுத்துக்கு இறங்கி, முதுகைத் துளைத்து, நெஞ்சுக்கு நடுவில் நின்றது. மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கும்போதே இத்தனை. கம்பிவடம் அறுந்து கூண்டு மொத்தமும் மார்பின் மேல் வந்து உட்கார்ந்தது போல. ஒலிவாங்கித் தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கூடம் மங்கியது.

“சர்வேஷ், உக்காருங்க” என்றார் ஜாஸ்மின், எழுந்தபடி.

“பல்லு... புடுங்குன புண்ணு... ஒண்ணும் இல்ல.”

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடிக்க முடியவில்லை. இருநூறு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். வலி என்றால் என்னவென்று அறிந்த சபை அது.

பிறகு, நின்றது.

குறையவில்லை. நின்றது. விளக்கை அணைத்தது போல. தாடை விட்டது, முதுகு விட்டது, நெஞ்சு லேசாயிற்று. சர்வேஷ் கண்ணைத் திறந்தான். மூச்சை இழுத்தான், உள்ளே ஆழம் வரை போயிற்று. எத்தனை மாதம் ஆயிற்று இப்படி ஒரு மூச்சு விட்டு! சன்னல் வழியே வந்த வெயில்கூட அழகாக இருந்தது. அவனை அறியாமல் சிரிப்பு வந்தது.

“அப்பாடா” என்றான் ஒலிவாங்கியில். “போயிருச்சு. சுத்தமா போயிருச்சு. மாத்திரை இப்பதான் வேலை செய்யுது போல. இவ்வளவு சுகமா நான் இருந்ததே இல்லைங்க.”

கூடம் கைதட்டியது. தாவூத் சீட்டியடித்தார். அவன் பேசினான். அதுவரை வராத வார்த்தையெல்லாம் வந்தது. தன் மாமியார் குனிந்து கோலம் போட்டதைச் சொன்னான். மாடியில் மிளகாய் காய்த்ததைச் சொன்னான். அவர் சீட்டியடித்ததைச் சொன்னான். கைக்கு எட்டாத ஒரு பொருளை எட்டிப் பிடித்துவிட்டவன் போல, மேடையில் இப்படியும் அப்படியும் நடந்து நடந்து பேசினான்.

கைதட்டாமல் நின்றவர் ஜாஸ்மின் ஒருவர்தான். அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சர்வேஷ்.” குரல் மெல்லியதாக இருந்தது. “மாத்திரை என்னைக்கு முழங்கால நேராக்கிச்சு? நீங்க நொண்டல.”

அவன் நின்றான்.

“உக்காந்து எந்திரிங்க.”

உட்கார்ந்தான். எழுந்தான். முழங்காலில் ஒன்றுமில்லை. இடுப்பில் ஒன்றுமில்லை. இருபது வயதில் இருந்தது போல உடம்பு பஞ்சாக இருந்தது. மறுபடி உட்கார்ந்து எழுந்தான். வேகமாக. இன்னும் வேகமாக. விரலால் காதுக்குப் பின்னால் வில்லையை அழுத்தினான். நூறில்தான் இருந்தது. முழுதும் திறந்துதான் இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அனுப்பத்தான் எதுவுமில்லை.

“எத்தனை வச்சிருந்தீங்க?” என்றார் ஜாஸ்மின்.

அவன் மறுபடி உட்கார்ந்து எழுந்தான். அவர் அதற்குள் கைப்பேசியில் அவசர ஊர்தியை அழைத்து, அவன் வீட்டு முகவரியைச் சொல்லத் தொடங்கியிருந்தார். மொட்டை மாடி என்று சொன்னார். இதயம் என்று சொன்னார். சீக்கிரம் என்று சொல்லவில்லை.

கைதட்டல் ஓய்ந்த கூடத்தில் முதலில் எழுந்தது தாவூத். எழுந்தவர், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, எதையோ தேடுவது போல அசையாமல் நின்றார். பிறகு முகம் மலர்ந்து, கண்ணில் நீர் பெருக, “எரியுது... யா அல்லா, எரியுது” என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் தன் இடுப்பை அழுத்திப் பார்த்து, “இருக்கு” என்று தேம்பினாள். அடுத்த வரிசையில் ஒருவர் கழுத்தைத் திருப்பி, அது சுளுக்கிக்கொண்டதும் அப்படியே நாற்காலியில் சரிந்து சிரித்தார். வரிசை வரிசையாக, இருநூறு பேரும் தங்கள் உடம்பில் அம்மாவை, அப்பாவைத் தேடினார்கள். வலிக்குது, வலிக்குது என்று கூடம் முழுக்க ஒரே நிம்மதி.

மேடையில் சர்வேஷ் மட்டும் முழங்காலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.